தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் நேற்று ஒரு சட்டை வாங்கினேன்

மேஸ்திரிவீதி

மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நேற்று மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போயிருந்தோம். பெண்கள் நாலு பேர் புடவைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூடப் போன ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? எனக்கென்று ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு மூலையில் கிடந்த நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். ஏசி காற்று சுகமாக இருந்தது. கண் சொருகும் நேரத்தில்தான் உறைத்தது, நான் உட்கார்ந்திருப்பது தங்கம் தியேட்டருக்குள்.

பில் போட்ட தம்பியிடம், "இந்தக் கடை வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது தெரியுமா?" என்று கேட்டேன். "ஏதாவது குடோன் இருந்திருக்கும் சார்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தொண்ணூறுகளில் படம் ஓடுவது நின்றது. அப்புறம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு இடித்தார்கள். அவனுக்கு விவரம் தெரிந்த காலத்தில் அது வெறும் பூட்டிய கேட்.

2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17ஆம் தேதி, 'பராசக்தி' படத்தோடு தொடங்கியது. சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம். ஒரு நடிகரும் ஒரு கட்டடமும் ஒரே நாளில் மதுரைக்கு அறிமுகமானார்கள்.

நான் முதலில் உள்ளே போனது ஆறு வயதில். அப்பாவுக்கு ஹார்வி மில்லில் வேலை. சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, முகம் கழுவி, எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். அன்றைக்கு என்ன படம் என்பது மறந்துபோய்விட்டது. மறக்காதது கூரை. அண்ணாந்து பார்த்தேன், அது போய்க்கொண்டே இருந்தது. "இது ஆயிரங்கால் மண்டபத்தைவிடப் பெரிதா அம்மா?" என்று கேட்டேன். "மீனாட்சி காதில் விழப்போகிறது, வாயை மூடு" என்றாள்.

உள்ளே போய் வந்தவர்கள் எழுதுங்கள். படக்கதை வேண்டாம், படமெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தியேட்டரைப் பற்றி எழுதுங்கள்.

வைகைவடகரை

எந்தப் பகுதியில் சட்டை எடுத்தீர்கள்? தரை டிக்கெட்டா, பெஞ்சா?

மேஸ்திரிவீதி

தள்ளுபடிப் பகுதி. தரை டிக்கெட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நூறுநாள்கணக்கன்

இந்த இழைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். தங்கம் தியேட்டரைப் புரிந்துகொள்ளக் காகிதமும் பென்சிலும் வேண்டும்.

2563 பேர், நாளுக்கு மூன்று ஆட்டம் என்றால் 7689 பேர். நூறு நாள் நிறைந்து ஓடினால் 7,68,900 பேர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை நகரத்தில் இருந்தவர்கள் சுமார் 3,62,000. கைக்குழந்தை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி, சினிமா பார்ப்பதே பாவம் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா எல்லோரையும் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு இரண்டு தடவை காட்டினால்தான் கணக்கு நேராகும். தினமும் எல்லா ஆட்டமும் நிறையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அளவு புரிகிறது அல்லவா?

நாங்கள் பள்ளிக்கூடத்தில் மூக்கை உடைத்துக்கொண்டதெல்லாம் இந்தக் கணக்கில்தான். "எங்கள் ஆள் படம் நூறு நாள்" என்பான் ஒருவன். "எங்கே ஓடியது?" என்று கேட்போம். 900 பேர் உட்காரும் தியேட்டர் பெயரைச் சொல்வான். அங்கே நாளுக்கு 2700 பேர். தங்கத்தில் ஐம்பது நாளில் பார்க்கிற கூட்டத்தை அங்கே காட்டி முடிக்க 142 நாள் ஆகும். ஆகவே தங்கத்தில் ஐம்பது நாள் ஓடிய படத்தை மற்ற இடத்து நூறு நாளோடு சேர்த்துப் பேசுவதே பிசகு. இது தெரிந்துதான் வினியோகஸ்தர்கள் பலர் தயங்கினார்கள். ஊரில் உள்ள கூட்டம் மூன்றே வாரத்தில் பார்த்துத் தீர்த்துவிடும், நூறாவது நாள் சுவரொட்டி ஒட்ட முடியாது. இந்தப் பாழாய்ப்போன சுவரொட்டிக்காகவே சின்னத் தியேட்டரைத் தேடிப் போனவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்ட இடத்தில் 'பராசக்தி' நூறு நாளைத் தாண்டி ஓடியது என்றால் அது எப்படிப்பட்ட ஓட்டம் என்று பாருங்கள்.

ரீகல்நாற்காலி

கணக்கன் அண்ணே, கணக்கெல்லாம் சரி. பெரிது என்பது ஒரு குணமா? அண்டாவும் பெரிதுதான், அதில் யாராவது காப்பி குடிப்பார்களா?

எனக்குத் தங்கத்தின் மேல் பக்தி கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கதாநாயகி கட்டைவிரல் அளவு. முன்வரிசையில் உட்கார்ந்தால் மூக்குத்தி மட்டும்தான் தெரியும், முகத்தைத் தேட வேண்டும். நடுவில் இடம் கிடைக்கச் சண்டை போட வேண்டும்.

ஆசியாவிலேயே பெரியது என்கிறீர்கள். நம் ஊரில் எதுதான் ஆசியாவிலேயே பெரியதில்லை? நியூயார்க்கில் 1932இல் திறந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர் உட்காரலாம். அதோடு ஒப்பிட்டால் தங்கம் பாதிகூட இல்லை. ஆசியா என்று எல்லையைச் சுருக்கிக்கொண்டது எவ்வளவு நல்லது பாருங்கள்.

என் தியேட்டர் ரீகல். ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்ட் மன்றம். பகலில் அது வாசகசாலை. பெரியவர்கள் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். மாலையானால் அதே கட்டடத்தில் ஆங்கிலப் படம். கல்லூரி நாட்களில் மூன்று மணிக்கே போய்ப் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே படத்துக்கு நுழைவோம். வசனம் பாதி புரியாது. துப்பாக்கிக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? படத்தில் பாலைவனம் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே மதுரை ஜங்ஷனில் எஞ்சின் ஊதும். பாலைவனத்துக்கு ரயில் எப்படி வந்தது என்று ஒரு விநாடி எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். அது தியேட்டர்.

நூறுநாள்கணக்கன்

வாசகசாலையில் இடம் பிடித்துவிட்டு எங்கள் அண்டாவைக் குறை சொல்கிறீர்கள். நடக்கட்டும்.

பெண்கள்வரிசை

அண்ணன்மார்கள் கணக்குப் போட்டு முடித்துவிட்டீர்கள் என்றால் நான் ஒன்று சொல்கிறேன்.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். பெண்களுக்குத் தனி வரிசை. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, ஒரு ஆள் மட்டும் நிற்கும் அகலம், உள்ளே போனால் திரும்பி வர முடியாது. கடைசியில் சுவரில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் கையை விட்டால் உள்ளே ஏற்கெனவே மூன்று கை இருக்கும். காசைப் பொத்திய விரல்கள், வளையல்கள், வியர்வை. யார் கையில் டிக்கெட் வைத்தார்கள் என்று வெளியே இழுத்த பிறகுதான் தெரியும். எங்கள் அத்தை ஒருமுறை கையை வெளியே எடுத்தபோது டிக்கெட் நாலு வந்தது, கண்ணாடி வளையல் ஆறில் ஒன்றுகூட வரவில்லை. மணிக்கட்டில் ரத்தக் கோடு. "டிக்கெட் வந்துவிட்டதல்லவா, நட" என்றாள்.

பெண்கள் வரிசை சீக்கிரம் நகரும் என்பதால் ஆண்கள் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சுவார்கள். "அக்கா, ரெண்டு எடுத்துக் கொடுங்கள் அக்கா." முன்பின் தெரியாத மனிதர்கள் பணத்தை நம்பிக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். அத்தை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் சிகரெட் பிடித்துக்கொண்டு கேட்டவனுக்கு எடுத்துக் கொடுத்ததும் இல்லை.

தங்கம் பெரியது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு பேர். இரண்டு அறை, ஒரு அடுக்களை. அம்மா அழுது நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அழுவதற்கு இடம் கிடையாது. யாராவது ஒருவர் "என்ன ஆச்சு?" என்று வந்து நிற்பார்கள். தங்கத்தில் விளக்கு அணைந்ததும் அம்மா முந்தானையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொள்வாள். படத்தில் சோகம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவாள். சில நாள் சிரிப்புக் காட்சியிலும் அழுதிருக்கிறாள். சுற்றிலும் இரண்டாயிரம் பேர், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னத் தியேட்டரில் அது முடியாது, பக்கத்துத் தெருக்காரி யாராவது கட்டாயம் இருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முகம் தெளிவாக இருக்கும். வழியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுப்பாள்.

மேஸ்திரிவீதி

அக்கா, நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது யோசிக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில்பிறந்தவன்

பெரியவர்களுக்கு வணக்கம். நான் தங்கத்தைப் பூட்டிய நிலையில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஸ்கூல் வேனில் போகும்போது. சில சந்தேகங்கள். 2563 பேர் ஏசி இல்லாமல் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? அத்தனை சைக்கிளையும் எங்கே நிறுத்தினீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்கு வசனம் கேட்டதா? இப்போது 200 பேர் உட்காரும் திரையில் சுற்றிச் சுற்றி இருபது ஸ்பீக்கர் வைக்கிறார்கள்.

வைகைவடகரை

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. வெந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதற்கென்றே கதவு திறந்ததும் ஓடுவோம். துண்டு போடுவது, சட்டையைக் கழற்றிப் போடுவது, தம்பியையே குறுக்கே படுக்கப் போடுவது எல்லாம் உண்டு. பீடி, சிகரெட் புகை வேறு. புகை பிடிக்காதீர்கள் என்று சிலைடு போடுவார்கள், அந்தச் சிலைடின் வெளிச்சமே புகைக்குள் புகுந்துதான் திரைக்கு வரும்.

சைக்கிள் பற்றிக் கேட்காதே. தகர டோக்கன் கொடுப்பார்கள். இரண்டாம் ஆட்டம் விட்டால் இரவு ஒன்றரை மணி. நூற்றுக்கணக்கான கறுப்பு சைக்கிள்கள், எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே உயரம். எங்கள் மாமா தன் சைக்கிளுக்கு அடையாளமாக ஹேண்டில்பாரில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் முப்பது சைக்கிளில் மஞ்சள் துணி. பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்த கூட்டம்.

ஆபரேட்டர்மகன்

மூன்றாவது கேள்வி எனக்கு.

என் தந்தை மதுரையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். எந்தத் தியேட்டர் என்று சொல்லவில்லை, ஏனென்று கடைசியில் தெரியும். தங்கத்தில் வேலை பார்த்த ஆபரேட்டர்கள் அவருக்குக் கூட்டாளிகள். ஓய்வு நாளில் அங்கே படம் ஓட்டும் அறைக்கு, அதாவது கேபினுக்குப் போவார், என்னையும் கூட்டிப் போவார்.

கேபின் என்றால் அடுப்படி. அப்போது பல்பு கிடையாது, கார்பன் குச்சி. இரண்டு குச்சிகளை நுனியோடு நுனி நெருக்கி வைத்து மின்சாரம் விட்டால் இடையில் நெருப்பு பற்றிக்கொள்ளும், அந்த வெளிச்சம்தான் பின்னால் இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரைக்குப் போகிறது. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரை மஞ்சளாகும், கீழேயிருந்து விசில் வரும். ஒரு ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அது வந்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். சில விநாடி கழித்து இரண்டாவது புள்ளி. அதற்கு இதை மூடி அதைத் திறக்க வேண்டும். என் தந்தை கடைசி வரை தொலைக்காட்சியில் பழைய படம் பார்த்தால் கதையைப் பார்க்க மாட்டார், புள்ளியைப் பார்ப்பார். புள்ளி வந்ததும் வலது கை தானாக அசையும்.

ஒலிக்கு வருகிறேன். தம்பி சொல்வதுபோல் சுற்றிலும் ஸ்பீக்கர் கிடையாது. திரைக்குப் பின்னால் மட்டும்தான். திரையிலிருந்து 150 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு ஒலி போய்ச் சேர எட்டில் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்தில் அது மூன்று ஃபிரேம். அதாவது உதடு மூடிய பிறகு சொல் வந்து சேரும். பிலிமில் ஒலிப்பட்டை அதற்குரிய படத்துக்குச் சுமார் இருபது ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். மெஷினில் பிலிமைப் பூட்டும்போது படம் விழும் வாசலுக்கும் ஒலி படிக்கும் இடத்துக்கும் இடையே ஒரு வளையம் விடுவார்கள். அந்த வளையத்தைக் கூட்டிக் குறைத்து ஒன்றிரண்டு ஃபிரேமைச் சரிக்கட்டலாம். ஆனால் யாருக்காகச் சரிக்கட்டுவது? முன்வரிசைக்குச் சரியாக வைத்தால் பின்வரிசைக்குப் பிந்தும். நடுவில் இருக்கும் சம்சாரிக்காக வை என்பது கேபினில் கேட்ட பாடம்.

இன்னொன்று. இது சினிமாக்காரர்களுக்குக்கூடப் பலருக்குத் தெரியாது. கூட்டம் ஒலியைக் குடிக்கும். மனித உடம்பும் உடுத்திய துணியும் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். 2500 பேர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூடத்தில் வசனம் கூர்மையாகக் கேட்கும். பாதி காலியாக இருந்தால் அதே வசனம் சுவரில் முட்டித் திரும்பி வந்து முந்தைய சொல்லின் மேல் விழும். ஆபரேட்டர்கள் கீழே எட்டிப் பார்க்காமலே, காதால் மட்டும், இன்றைக்கு எத்தனை பேர் என்று சொல்வார்கள். என் தந்தை கேபினுக்குள் நுழையும்போதே "நிறைந்திருக்கிறது" என்பார்.

எந்தத் தியேட்டர் என்று சொல்லாததன் காரணம் இதுதான். கேபினிலிருந்து வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளையும் எரிந்து மிஞ்சிய செம்பு பூசிய கார்பன் துண்டுகளையும் நான் டிரவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து தெருவில் வியாபாரம் செய்தேன். முகம் தெரியும் பிலிம் துண்டுக்கு ஒரு விலை, முதுகு தெரிவதற்கு ஒரு விலை.

வைகைவடகரை

அந்த முதுகு பிலிமை வாங்கிய ஏமாளி நான்தான் போலிருக்கிறது. ஃபியூஸ் போன பல்பின் மூக்கை உடைத்து, உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, வாசலில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்ப, தாத்தா வேட்டியில் படம் காட்டினோம். தலைகீழாகத்தான் விழும். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் நேராகும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று.

மவுண்ட்ரோடு

சென்னைக்காரன் நுழையலாமா? பெரிய தியேட்டர் என்றால் எனக்கு சஃபையர். 1964இல் 'கிளியோபாட்ரா' படத்தோடு திறந்தது. ஒரே வளாகத்தில் சஃபையர், எமரால்டு, புளூ டைமண்டு என்று மூன்று. புளூ டைமண்டில் காலையிலிருந்து இரவு வரை ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். படத்தின் முடிவை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைப் பிறகு பார்த்த தலைமுறை நாங்கள். சித்திரை வெயிலுக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஏசியில் தூங்கி எழுந்த விற்பனைப் பிரதிநிதிகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதையும் இடித்துவிட்டார்கள்.

நூறுநாள்கணக்கன்

சஃபையருக்கு மரியாதை உண்டு. ஆனால் முடிவை முதலில் பார்ப்பதா? மதுரையில் அப்படிச் செய்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

மவுண்ட்ரோடு

தெரியும். அதனால்தான் சென்னையில் செய்தோம்.

ரீகல்நாற்காலி

ஆபரேட்டர்மகன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழை நாள், வேலைக்கு நேர்காணல் போய்த் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரீகலில் நான் பார்த்து முடித்த படமே ஓடிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே நடந்து தங்கத்துக்குள் புகுந்தேன். மாலைக் காட்சி. உள்ளே எண்ணிப் பார்த்தால் நூறு தலை இருக்கும். அங்கங்கே நாலைந்து பேராகச் சிதறி உட்கார்ந்திருந்தார்கள், கண்மாய் வற்றிய பிறகு தேங்கி நிற்கும் குட்டைகள்போல. படத்தில் ஒருவன் "அம்மா" என்று கூப்பிட்டான். "அம்மா, அம்மா" என்று கூடம் திரும்பக் கூப்பிட்டது. ஒருவன் இருமினான், அதுவும் இரண்டு தடவை கேட்டது. ஸ்பீக்கர் பழுது என்று திட்டிவிட்டு இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தங்கத்தில் ஒலி சரியில்லை, ரீகல்தான் ஒசத்தி என்று.

ஸ்பீக்கர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆள்தான் இல்லை.

ஆபரேட்டர்மகன்

ஆமாம் அண்ணே. என் தந்தையும் அந்த நாட்களில் அதைத்தான் சொன்னார். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி, தெருவுக்குத் தெரு வீடியோ கடை, கேபிள். அவற்றையெல்லாம் எதிர்த்து முந்நூறு இருக்கைத் தியேட்டர் முக்கால்வாசி காலியாக இருந்தால் நஷ்டம் மட்டும்தான். 2563 இருக்கை காலியாக இருந்தால் படமே கேட்காது. நஷ்டத்தைப் பார்த்தா மூடினார்கள் என்று யாராவது கேட்டால், "காது கேட்காமல் போய்விட்டது" என்பார்.

பெண்கள்வரிசை

சித்திரைத் திருவிழா நாட்களில் தங்கம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சனம், விடிய இன்னும் நேரம் இருக்கிறதே என்று தியேட்டருக்குள் புகுந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைமொட்டை, அதில் சந்தனம், காதில் தண்டட்டி. மடியில் கட்டுச்சோறு. படம் தொடங்கியதும் அவிழ்த்தாள், புளியோதரை வாசம் பத்து வரிசைக்கு அடித்தது. எங்கள் தம்பி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்தான். ஒரு உருண்டை உருட்டிப் பின்னால் திரும்பாமலே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். படம் முடிகிறவரை அப்படியே உருண்டை வந்துகொண்டிருந்தது. இருட்டில் அவள் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை, சந்தனம் பூசிய மண்டை மட்டும் திரை வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

எல்லாமே இனிப்பு என்று சொல்லவில்லை. வேறொரு தியேட்டரில், பெயர் வேண்டாம், இடைவேளையில் பெண்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவள் மறுபடி அந்தப் படத்துக்கு உள்ளே வர மாட்டாள், நேரே வீட்டுக்குத்தான் போவாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காதே என்று சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை நாவறள உட்கார்ந்து பார்த்தோம். ஆண்கள் இடைவேளையில் கோலி சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு வந்து ஏப்பம் விடுவார்கள்.

வைகைவடகரை

அந்த ஏப்பத்துக்கு ஆண்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தொண்ணூற்றெட்டில்பிறந்தவன்

இன்னொரு சந்தேகம். 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி வசனத்தை எங்கள் தாத்தா தூக்கத்தில்கூடச் சொல்வார். தங்கத்தில் முதல் வாரம் பார்த்தேன் என்பார். ஒரு தடவை பார்த்தால் அத்தனை நீள வசனம் எப்படி மனப்பாடம் ஆகும்?

நூறுநாள்கணக்கன்

ஒரு தடவையா? தம்பி, வசனம் புத்தகமாகவே அச்சாகி விற்றது. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கி, புத்தகத்தைப் படித்துவிட்டு மறுபடி படம் பார்த்து, எங்கே மூச்சு விடுகிறார் என்று சரிபார்த்தார்கள். டீக்கடையில் கருணாநிதி வசனத்தை நிறுத்தாமல் சொன்னால் டீ இலவசம் என்று பந்தயம் வைத்த காலம். உன் தாத்தா எத்தனை டீ குடித்தாரோ!

மேஸ்திரிவீதி

இரண்டு நாள் பேரன் காய்ச்சலில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வந்து பார்த்தால் இவ்வளவு. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கை வரவில்லை.

ஆபரேட்டர்மகன் சொன்ன "கூட்டம் ஒலியைக் குடிக்கும்" என்பதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு மில் சத்தத்தில் காது மந்தம். வீட்டில் நாங்கள் இரண்டு தடவை கத்திச் சொன்னால்தான் திரும்புவார். ஆனால் தங்கத்தில் நகைச்சுவைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சரியான நேரத்தில் சிரிப்பார். அது எப்படி என்று எனக்கு வெகுநாள் புதிர். ஒருநாள் படத்தை விட்டுவிட்டு அவரையே கவனித்தேன். சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் ஓடிவரும், வயலில் காற்று வருவதுபோல. அது எங்கள் வரிசைக்கு வரும்போது பெஞ்சு அதிரும். அப்பா உள்ளங்கையைப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார். அந்த அதிர்வு கைக்கு வந்ததும் சிரித்தார்.

சட்டை அளவு சரியில்லை. 42 என்று எடுத்தேன், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. நாளை மாலை மாற்றப் போகிறேன். மதுரையில் இருப்பவர்கள் வந்தால் முதலில் ஸ்டேஷன் எதிரில் சூடாக அல்வா சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ரீகல்நாற்காலி

அல்வாவுக்கு வருகிறேன். கடைக்குள்ளும் வருகிறேன். ரீகல் பக்கம் பார்த்துக்கொண்டே வருவேன், அதைத் தடுக்கக் கூடாது.

பெண்கள்வரிசை

மருமகளுக்குப் புடவை எடுக்க வேண்டியிருக்கிறது, நானும் வருகிறேன். பில் போடும் இடத்தில் கூட்டம் இருந்தால் என்னிடம் கொடுங்கள்.

தொண்ணூற்றெட்டில்பிறந்தவன்

நானும் வரலாமா? எத்தனை மணிக்கு?

மேஸ்திரிவீதி

முதல் ஆட்ட நேரத்துக்கு. ஆறரை. தாத்தா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.

தொண்ணூற்றெட்டில்பிறந்தவன்

இருக்கிறார். காதுதான் மந்தம்.